வீட்டு ரெக்கார்டிங்கில் கம்பிங்கை வைத்து என்னென்ன செய்து பார்க்கலாம்?

கேள்வி இது: "ஒரே பகுதியைப் பத்து டேக் எடுத்து, நல்ல இடங்களை மட்டும் ஒட்டி ஒரு டேக் ஆக்குகிறேன் (இதைத்தான் கம்பிங் என்கிறார்கள்). சுருதி பிசகிய இடமும் தாளம் தவறிய இடமும் சரியாகிவிடுகின்றன. ஆனால் எப்படி ஒட்டினாலும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. கம்பிங்கைச் சோதனை முயற்சிகளுக்குப் பயன்படுத்த முடியுமா? எப்படி?"

தாராளமாக முடியும். ஆனால் அதற்கான வேலை எடிட் செய்யும்போது தொடங்குவதில்லை, ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பத்து டேக்கிலும் ஒரே விதமாகப் பாட முயன்றால் ஒரே பாட்டின் பத்து பிரதிகள்தான் கையில் இருக்கும். அவற்றிலிருந்து பிழையில்லாத ஒன்றைத் தொகுக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தனி வேலை கொடுங்கள். அதே சமயம் டெம்போ, சுருதி, மைக் தூரம், கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) ஆகிய நான்கையும் அசைக்காதீர்கள். பாடும் விதம் மாறலாம், ஒட்டு நிற்பதற்குத் தேவையானவை மாறக்கூடாது. மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1966-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் நல்ல உதாரணம் இருக்கிறது. இசையமைப்பாளர் பாக் எழுதிய ஏ மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுக்கும் இசை வடிவம்) ஒன்றை அவர் எட்டு டேக் வாசித்தார். ஆறாவதும் எட்டாவதும் பிழையில்லாமல் அமைந்தன. ஆறாவது சுரங்களை இழைத்துக் கனமாக வாசித்தது, எட்டாவது சுரங்களை விட்டுவிட்டுத் துள்ளலாக வாசித்தது. பிறகு கேட்டுப் பார்த்தபோது, எந்த ஒன்றும் முழு நீளத்துக்குத் தாங்கவில்லை, சலிப்புத் தட்டியது. ஆனால் இரண்டின் டெம்போவும் ஏறக்குறைய ஒன்று. அதனால் தொடக்கத்தையும் முடிவையும் ஆறிலிருந்தும் நடுப்பகுதியை எட்டிலிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். அந்த யோசனை வாசித்த நாளில் வந்ததல்ல, பிற்பாடு எடிட்டிங்கில் வந்தது. இரண்டு டேக்கும் ஒரே குணத்தில் இருந்திருந்தால் அந்த யோசனைக்கே இடமில்லை.

சரி, பதிவுக்கு வருவோம். பாடுவதை வைத்துச் சொல்கிறேன், வாத்தியத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மைக்குக்கும் வாய்க்கும் 15 முதல் 20 செ.மீ. நடுவில் பாப் ஃபில்டர் (ப போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை). நிற்கும் இடத்தில் பாதத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கார்டியாய்ட் மைக்கில் (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் வாங்குவது) நெருங்கினால் அடித்தொனி கூடும், விலகினால் குரல் மெலிந்து அறையின் எதிரொலி முன்னால் வரும். இரண்டு டேக்குக்கிடையே ஐந்தாறு செ.மீ. நகர்ந்தாலே ஒட்டிய இடம் காதுக்குத் தெரிந்துவிடும், அதை இ.க்யூ. (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டு முழுவதும் சரிசெய்ய முடியாது. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். சத்தமான இடத்தில் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினை வைத்துவிட்டு, பிறகு தொடவே தொடாதீர்கள். மெதுவாகப் பாடும் டேக் வந்தாலும் கெயினைக் கூட்ட வேண்டாம், கிளிப் கெயினில் (பதிவான துண்டின் சத்த அளவு) பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். கிட்டார் என்றால் இரண்டு மூன்று டேக்குக்கு ஒருமுறை டியூனரைப் பாருங்கள். கம்பி மெல்ல இறங்கிக்கொண்டே போகும். முதல் டேக்கையும் எட்டாவதையும் ஒட்டும்போதுதான் அது தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக, யாரும் அசையாமல் அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்து வையுங்கள். இதன் பயன் பின்னால் வரும்.

லூப் ரெக்கார்டிங்கில் (ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பதிவு செய்வது) எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எட்டு பார் (தாளச் சுற்று) பகுதி என்றால் லூப்பையும் சரியாக எட்டு பாருக்கே வைத்துவிடுகிறார்கள். கடைசி எழுத்தின் கார்வை லூப் எல்லையில் வெட்டுப்படும், அதன் வால் அடுத்த டேக்கின் தொடக்கத்தில் போய் விழும். எடுப்புக்கு முன் இழுக்கும் மூச்சும் முந்தைய டேக்கோடு போய்விடும். முன்னால் ஒரு பார், பின்னால் ஒரு பார் சேர்த்துப் பத்து பாராக வையுங்கள். 80 பி.பி.எம். (நிமிடத்துக்கு 80 தட்டு), நாலு எண்ணிக்கை என்றால் ஒரு பார் 3 விநாடி. ஒரு சுற்று 30 விநாடி, எட்டு டேக் 4 நிமிடத்தில் முடியும். இட நெருக்கடி பற்றிக் கவலை வேண்டாம்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டை முழுசாகப் பத்து டேக் எடுத்தாலும் 350 எம்பி தாண்டாது.

எட்டு டேக்குக்கான வேலைப் பங்கீடு இப்படி இருக்கலாம். முதல் இரண்டும் எழுதியபடியே, நேராக. மற்ற எதுவும் அமையாவிட்டால் இவை கைகொடுக்கும். மூன்றாவது, பாதி சத்தத்தில், காதருகே பேசுவதுபோல். நான்காவது, ஒவ்வொரு எடுப்பையும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி. ஐந்தாவது, நெடில்களையெல்லாம் சுருக்கி, வரிக்கு வரி நறுக்கென்று முடித்து. ஆறாவது, மெட்டை விட்டு விலகிச் சங்கதி போட. ஏழாவது, வரிகளை மறந்துவிட்டு வெறும் ஹம்மிங். எட்டாவது கட்டுப்பாடே இல்லாமல். ஒரு டேக்கில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். சத்தம், தாளம், மெட்டு மூன்றையும் சேர்த்து மாற்றிய டேக் தனியாகக் கேட்க அருமையாக இருக்கும், எதோடும் ஒட்டாது.

கேட்பதை அன்றைக்கே செய்யாதீர்கள். பாடிய கையோடு கேட்டால், பாடியபோது எந்த டேக் சுகமாக இருந்ததோ அதைத்தான் மனம் தேர்ந்தெடுக்கும். மறுநாள், திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அலை வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் முந்திக்கொள்கிறது. தாளில் இரண்டே குறிகள் போதும்: நன்றாக இருந்தால் ஒரு கூட்டல் குறி, விநோதமாக இருந்தால் ஒரு வியப்புக்குறி. வியப்புக்குறிகள்தான் முக்கியம். குரல் உடைந்த இடம், வார்த்தை மாறிப்போன இடம், தவறான சுரத்தில் இறங்கித் தப்பித்து வந்த இடம் எல்லாம் அதில் வரும். வழக்கமான கம்பிங்கில் முதலில் குப்பைக்குப் போவது இவைதான், நீங்கள் தேடும் புதுமையும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.

பிறகு மூன்று கம்ப் (ஒட்டித் தொகுத்த டேக்) செய்யுங்கள். ஒன்று பிழையில்லாத கம்ப். இரண்டாவதில், அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே டேக்கிலிருந்து வரக்கூடாது என்ற விதி. மூன்றாவதில் வியப்புக்குறி இட்டவை மட்டும். மூன்றையும் மற்ற வாத்தியங்களோடு சேர்த்து, ஒரே சத்த அளவில் ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருக்கும் கம்ப் காரணமே இல்லாமல் நல்லதாகத் தோன்றும். மூன்றாவது கம்ப் முழுசாக நிற்பது அபூர்வம். ஆனால் அதிலிருந்து ஒன்றிரண்டு துண்டுகள் முதல் கம்புக்குள் போய் உட்கார்ந்துவிடும், பாட்டின் முகமே மாறும்.

இனி ஒட்டுகிற இடம். சோதனை எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும் ஒட்டு சுத்தமாக இருந்தால்தான் கேட்பவர் அதைப் பாட்டாகக் கேட்பார். இல்லாவிட்டால் எடிட்டிங் தவறாகத்தான் கேட்பார்.

தமிழில் பாடுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற என்று வல்லெழுத்து இரட்டிக்கும் இடங்களில் வாய் முழுக்க அடைபட்டு ஒரு கணம் சத்தமே இருக்காது. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "மழை விட்ட பிறகும் கிளை சொட்டும்". இதில் 'விட்ட' என்பதன் நடுவிலும் 'சொட்டும்' என்பதன் நடுவிலும் அப்படி ஓர் இடைவெளி கிடைக்கிறது. 'மழை விட்' வரை மூன்றாவது டேக்கின் மென்மையான குரல், 'ட பிறகும்' தொடங்கி நான்காவது டேக்கின் பின்தள்ளிய தாளம் என்று ஒரு சொல்லின் நடுவிலேயே மாறலாம். அடைப்பு திறக்கும் வெடிப்புக்கு 10 மில்லி விநாடி முன்னால் வெட்டி, 5 மில்லி விநாடி க்ராஸ்ஃபேட் (ஒன்று தணிய மற்றது ஏறும்படி கலப்பது) கொடுத்தால் போதும், ஒட்டு தெரியாது.

எல்லா வல்லெழுத்தும் இப்படி இருக்காது. மெல்லெழுத்தை அடுத்து வரும்போது, பந்து, பாம்பு, வண்டி போன்ற சொற்களில், குரல் நிற்பதே இல்லை. 'பிறகும் கிளை' என்பதைச் சேர்த்துப் பாடினால் 'ம்' அப்படியே 'கி'யில் போய் இழைந்துவிடும். உயிரெழுத்துகளுக்கு நடுவே தனியாக வரும் க, த, ட போன்றவையும் மென்மையாக ஒலிப்பதால் சத்தம் அறுபடாது. 'மழை'யின் ழ, ல, ர போன்ற இடங்களில் கைவைக்கவே வேண்டாம். நாக்கு நகரும்போது ஒலியின் நிறம் மாறிக்கொண்டே போகும், இரண்டு டேக்கில் அந்த நகர்வு ஒரே வேகத்தில் இருக்காது. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகள் ஒட்டுவதற்கு நல்ல இடம்: இரைச்சலோடு இரைச்சல் எளிதில் கலக்கும், 10 முதல் 15 மில்லி விநாடி கொடுக்கலாம்.

வேறு வழியில்லாமல் நீண்ட கார்வையின் நடுவில் ஒட்ட வேண்டியிருந்தால் அதற்கும் முறை இருக்கிறது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் போதும் என்பார்கள். அது 'டக்' சத்தத்தைத் தடுக்கும், ஆனால் குரல் ஒரு கணம் உள்வாங்குவதைத் தடுக்காது. 200 ஹெர்ட்ஸில் பாடும் குரலுக்கு ஓர் அலைச் சுற்று 5 மில்லி விநாடி. இரண்டாவது டேக்கை அதிகபட்சம் 2.5 மில்லி விநாடி முன்பின் நகர்த்தினாலே இரண்டின் முகடுகளும் பொருந்திவிடும், அவ்வளவு சிறிய நகர்வு தாளத்தில் தெரியாது. பொருந்திய பிறகு 25 முதல் 30 மில்லி விநாடிக்கு நேர்கோட்டு க்ராஸ்ஃபேட் கொடுங்கள். முகடுகள் பொருந்திய ஒலிகளுக்கு ஈக்வல் பவர் க்ராஸ்ஃபேட் (இரண்டும் சந்திக்கும் நடுவில் சத்தத்தைச் சற்று உயர்த்திவைக்கும் வகை) வைத்தால் நடுவில் 3 டெசிபல் வரை புடைக்கும். மாறாக, மூச்சு, உரசொலி, சிம்பல் போன்ற தொடர்பில்லாத ஒலிகளுக்கு நேர்கோட்டு க்ராஸ்ஃபேட் வைத்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும். அங்கே ஈக்வல் பவர்தான் சரி. குரலில் அசைவு இருந்தால், ஒரு டேக்கில் சுரம் மேலே போகும்போது மற்றதில் கீழே இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அலைவு ஒரே திசையில் போகும் இடம் பார்த்து ஒட்டுங்கள்.

மூச்சைப் பற்றி ஒன்று. ஒரு வரிக்கு முன்னால் வரும் மூச்சு அந்த வரிக்கே சொந்தம். மெதுவாகப் பாடிய வரிக்கு முன் பெருமூச்சு கேட்டால் ஏதோ இடறும். வரியை எடுக்கும்போது அதன் மூச்சையும் சேர்த்தே எடுங்கள். முந்தைய வரியின் வாலில் இன்னொரு மூச்சு தங்கி இரட்டை மூச்சாகிவிடாமல் பாருங்கள். மூச்சை அழித்த இடத்தில் வெறும் மௌனம் விழுந்தால், பதிவு செய்து வைத்த அறைச் சத்தத்தை அங்கே நிரப்புங்கள்.

கிளிக்கை (தாளம் காட்டும் 'டிக்' ஒலி) ஒட்டி வாசித்த தாள வாத்தியத்திலோ கிட்டாரிலோ பார் தொடங்கும் கோட்டின் மீதே வெட்டுவது இன்னொரு பொதுத் தவறு. வாசிப்பவர் கை கொஞ்சம் முந்தியிருந்தால் அடியின் முனை பழைய டேக்கிலும் உடல் புதிய டேக்கிலும் போய், ஒரே அடி இரண்டாகக் கேட்கும். எல்லா வெட்டுகளையும் கோட்டுக்கு 15 முதல் 20 மில்லி விநாடி முன்னால் தள்ளிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைச் சொன்னதற்குக் காரணம், இதை வைத்து ஆடக்கூடிய நல்ல விளையாட்டு ஒன்று இருக்கிறது. கிட்டாரையோ தாளத்தையோ எட்டு பாருக்கு ஆறு டேக் வாசியுங்கள். ஒவ்வொன்றும் வேறு வாசிப்பு. பகுதியை அரை அரை பாராகப் பதினாறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த டேக் என்று பகடை உருட்டித் தீர்மானியுங்கள். சாத்தியங்கள் 2.8 இலட்சம் கோடி. எனவே மூன்று முறை உருட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். முதல் பாரையும் கடைசி பாரையும் பகடைக்கு விடாமல் நீங்களே தேர்ந்தெடுத்தால், நடுவில் என்ன நடந்தாலும் பகுதி தொடங்கி முடிந்ததுபோல் இருக்கும். கார்ட் மாறும் இடத்தில் பழைய ஒலி நீள வேண்டுமானால், வெட்டுவதற்குப் பதில் அந்தத் துண்டை இன்னொரு ட்ராக்கில் வைத்து வாலைத் தானாக அடங்க விடுங்கள்.

மெட்டுப் போடுவதற்குக் கம்பிங்கைவிட நல்ல கருவி குறைவு என்பது என் எண்ணம். வார்த்தையில்லாமல், 'தன்னன்னா' என்றோ வாயில் வந்த எழுத்துகளிலோ அதே எட்டு பார் மீது பத்து டேக் பாடுங்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு சுரத்தில் தொடங்குங்கள். பிறகு இரண்டிரண்டு பாராகத் தொகுங்கள். ஒரு டேக் மேலே போய் முடியும் இடத்தில் இன்னொரு டேக் கீழிருந்து தொடங்கும். அந்தத் தாவலைத் தொண்டை தானாக ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்காது, பழகிய பாதையிலேயேதான் போயிருக்கும். தொகுத்ததைக் கற்றுக்கொண்டு வார்த்தையோடு புதிதாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். ஒட்டிய துண்டுகளை அப்படியே இறுதிப் பாட்டில் வைப்பதைவிட இது எப்போதும் நன்றாக வரும், ஏனென்றால் அந்தத் தாவலுக்கான மூச்சும் தயாரிப்பும் இப்போது குரலில் இருக்கும். பாட முடியாத அளவு தாவல் பெரிதாக இருந்தால், ஒட்டியதையே வைத்துக்கொள்வதும் தவறல்ல. அப்போது ஒட்டை மறைக்க முயலாமல், க்ராஸ்ஃபேடை 2 மில்லி விநாடிக்குக் குறைத்து நறுக்கென்று மாறவிடுங்கள்.

கழித்த டேக்குகளும் சரக்குதான். முதன்மைக் கம்ப் முடிந்ததும் ட்ராக்கை நகல் எடுத்து, அதில் இன்னொரு கம்ப் போடுங்கள். ஒரே நிபந்தனை: முதன்மையில் ஓர் இடத்தில் எந்த டேக் இருக்கிறதோ அது இங்கே அதே இடத்தில் வரக்கூடாது. இப்படி இரண்டு துணைக் கம்ப் செய்து இடமும் வலமுமாக ஒதுக்கி, முதன்மையைவிட 8 முதல் 12 டெசிபல் குறைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குரல் விரியும். முதன்மைக் கம்பையே நகலெடுத்து அடியில் வைத்தால் விரியாது, சத்தம் மட்டும் கூடும். நகலைச் சில மில்லி விநாடி தள்ளிவைத்தாலோ குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். துணைக் கம்ப்களில் சொல்லின் இறுதி மெய்களையும் ச, ஸ ஒலிகளையும் தணித்துவிடுங்கள். மூன்று குரலின் 'ஸ்' மூன்று நேரத்தில் விழுந்தால் அது மட்டும் தனியாகத் துருத்தும். ஏழாவது டேக்கின் ஹம்மிங்கை ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் கருவி) வழியாக மட்டும் அனுப்பி இடையிசைக்கு அடியில் போடலாம். ஒரு கார்வையைத் திருப்பிப்போட்டு, அதே சுரத்தில் தொடங்கும் வரிக்கு முன்னால் வைத்தால் வரி எங்கிருந்தோ எழுந்து வருவதுபோல் இருக்கும்.

மைக் தூரத்தை மாற்றாதீர்கள் என்றேன். அதை மாற்றுவதே சோதனையாகவும் இருக்கலாம், மற்ற மூன்றும் அப்படியே நின்றால். 15 செ.மீ.-இல் ஒரு டேக், 60 செ.மீ.-இல் ஒரு டேக். வரிக்கு வரி, அல்லது ஒரே வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் தூரத்துக்குத் தாவுங்கள். தூரம் நான்கு மடங்கானால் நேரடி ஒலி சுமார் 12 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட ஏற்றினால் அறையின் இரைச்சலும் 12 டெசிபல் ஏறும். வரி தொடங்கும்போது இரைச்சல் திடீரென்று வந்து நின்றால் கெட்டுவிடும், அதனால் தூரத்து டேக்கின் இரைச்சலை அரை விநாடி முன்னதாகவே மெல்ல ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

வேகத்தையும் மாற்றிப் பார்க்கலாம். 1967-இல் வெளியான பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' டெம்போவும் சுருதியும் வேறான இரண்டு பதிவுகளை, வேகம் மாற்றி, ஒரு நிமிடம் தொடும் இடத்தில் ஒட்டியது. வீட்டில் செய்ய, வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும் வேரிஸ்பீட் வசதி வேண்டும். 100 பி.பி.எம். பாட்டை 94.4-க்கு இறக்கினால் பின்னணி அரைச் சுரம் கீழே போகும். அதனோடு ஒரு டேக் பாடிவிட்டு வேகத்தைப் பழையபடி வைத்தால் அந்த டேக் அரைச் சுரம் ஏறிச் சரியான சுருதிக்கு வந்து நிற்கும், ஆனால் குரல் சற்று இளைத்து இளமையாக ஒலிக்கும். முழு வரிக்கும் வேண்டாம். மற்ற டேக்குகளுக்கு நடுவே இரண்டு மூன்று சொல்லுக்குப் போதும். ஒரு முழுச் சுரத்துக்கு மேல் போனால் பொம்மைக் குரலாகிவிடும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, லாஜிக்கில் டேக் ஃபோல்டர், ப்ரோ டூல்ஸில் ப்ளேலிஸ்ட், ஏபிள்டன் லைவில் 11-ஆம் பதிப்பிலிருந்து டேக் லேன் (டேக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வரிசை), ரீப்பரில் 7-ஆம் பதிப்பிலிருந்து லேன் மீது இழுத்துத் தேர்ந்தெடுக்கும் வசதி என எல்லாமே போதுமானவை. லேன் வசதியே இல்லாவிட்டாலும், டேக்குக்கு ஒரு ட்ராக் வைத்து வெட்டி இதே வேலையைச் செய்யலாம். ஒரே டேக்கை இரண்டு மைக்கில் பதிவு செய்திருந்தால் அந்த இரண்டு ட்ராக்கையும் குழுவாக்கிய பிறகே வெட்டுங்கள். ஒன்றில் மட்டும் வெட்டு நகர்ந்தாலும் ஃபேஸ் (இரண்டின் அலைகளும் பொருந்தி நிற்பது) கெட்டு ஒலி மெலிந்துவிடும்.

வரிசை முக்கியம். முதலில் கம்ப், அடுத்து துண்டுகளின் சத்தத்தைக் கிளிப் கெயினில் சமப்படுத்துவது, பிறகு சுருதித் திருத்தம், அதன் பிறகே கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி), ரிவெர்ப். ஒவ்வொரு டேக்கிலும் தனித்தனியாகச் சுருதியைத் திருத்திவிட்டுக் கம்ப் செய்தால், வேண்டாத டேக்குகளுக்கு உழைப்பது மட்டுமல்ல, வியப்புக்குறி போட்ட அத்தனை விநோதங்களையும் கேட்பதற்கு முன்பே தேய்த்து அழித்துவிடுவீர்கள். எதையும் ஒரே கோப்பாக ஒட்டுவதற்கு முன் ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் சேமியுங்கள், லேன்களை அழிக்காதீர்கள்.

நான்கு பாருக்குள் ஏழெட்டு ஒட்டு தேவைப்பட்டு, அப்படியும் வரி நடக்காமல் நின்றால், அங்கே குறை எடிட்டிங்கில் இல்லை. மெட்டோ மூச்சு விடும் இடமோ அந்தத் தொண்டைக்கு ஒத்துவரவில்லை. சுருதியை ஒரு சுரம் இறக்கியோ சொல்லை மாற்றியோ இன்னும் இரண்டு டேக் பாடுங்கள். சுருதியை மாற்றவில்லை என்றால், முன்பு வேலைக்கு ஆகாத பழைய டேக்குகளில் சில, இந்தப் புதியவற்றுக்கு அடியில் துணைக் குரலாக அமைகின்றனவா என்று பாருங்கள்.